ஏர்க்காலில் 75 கிலோ: ஒரு சரக்கு டிரெய்லர் முகாம் வண்டியான விவரம்

வாங்கும்போது அது மேலே ஒன்றும் இல்லாத, திறந்த மேடை கொண்ட சரக்கு டிரெய்லர். நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். ஒற்றை அச்சு, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டை, பிரேக் கிடையாது. மணலும் செங்கல்லும் சுமந்தே தேய்ந்த வண்டி. நால்வர் கொண்ட குடும்பம் வாரக்கணக்கில் வெளியே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் இனி இது சுமக்க வேண்டும்.

ரம்பத்தைக் கையில் எடுக்கும் முன், டிரெய்லரைக் காரோடு இணைக்கும் முன்கம்பமான ஏர்க்காலில் ரிவெட் அடித்திருந்த சின்னத் தகட்டைத் தேடிப் பிடித்தேன். பெயின்ட்டைச் சுரண்டியதும் எண்கள் தெரிந்தன. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோ. வெற்று எடை 210 கிலோ. ஆக, பெட்டி, தண்ணீர், கூடாரம், மளிகை, துணிமணி எல்லாவற்றுக்கும் சேர்த்து என் கையில் இருப்பது 540 கிலோ. காரின் கையேட்டில் இன்னும் ஓர் எண் இருந்தது: டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் இருக்கும் கொக்கிப் பந்தின்மேல் டிரெய்லர் கீழ்நோக்கி அழுத்தலாம், ஆனால் 75 கிலோவுக்கு மேல் கூடாது. இந்த இரண்டு எண்களையும் பட்டறைச் சுவரில் சாக்கட்டியால் பெரிதாக எழுதி வைத்தேன். பிறகு நடந்த எல்லா வாக்குவாதங்களையும் அவைதான் தீர்த்துவைத்தன.

முகாம் டிரெய்லர் செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் இழுப்பறையில் தொடங்குவார்கள், அல்லது விளக்கில் தொடங்குவார்கள். அதெல்லாம் ஆசாரி வேலை. பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். எந்தப் பொருள் அச்சுக்கு எவ்வளவு முன்னால், எது எவ்வளவு பின்னால் என்று முடிவு செய்வதில்தான் மண்டை காய்ந்தது. மாட்டு வண்டிக்காரர் முன்பாரம் பின்பாரம் பார்த்து மூட்டை அடுக்குவாரே, அதே கணக்குத்தான். பின்பாரம் ஏறிவிட்டால் ஏர்க்கால் மேலே தூக்கும். காரின் பின்சக்கரங்கள் தரையை அழுத்துவது குறையும். வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்த ஆட்டம் தானாகவே பெருகி, காரையும் சேர்த்துச் சுழற்றிவிடும்.

இதைத் தவிர்க்கப் பரவலாகச் சொல்லப்படும் அளவு, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின்மேல் இறங்க வேண்டும் என்பது. இதைவிடக் குறைவாகச் சொல்லும் கார் தயாரிப்பாளர்களும் உண்டு. அவரவர் கையேட்டில் இருப்பதுதான் கடைசி வார்த்தை. என் கணக்கில் நிரம்பிய டிரெய்லர் 700 கிலோவைத் தாண்டும். பத்து சதவீதம் என்றால் 70க்குச் சற்று மேல். கார் தாங்குவது 75. நடுவே இருப்பது நாலைந்து கிலோ இடைவெளி. ஒரு பை அரிசியை இடம் மாற்றி வைத்தாலே கரைந்துபோகும் இடைவெளி அது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கணக்கு அப்படி. என் டிரெய்லரில் பந்திலிருந்து அச்சுக்கு 2.6 மீட்டர். நாற்பது கிலோ எடையுள்ள நிரம்பிய குளிர்பெட்டியை அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னாலிருந்து ஒரு மீட்டர் முன்னால் நகர்த்தினால், 40 கிலோவை 2 மீட்டரால் பெருக்கி 2.6 ஆல் வகுக்க வேண்டும். ஏர்க்காலில் ஏறுவது ஏறத்தாழ 31 கிலோ. பெட்டி அதே பெட்டி, மொத்த எடையும் அதேதான். இருந்த இடம் மட்டும்தான் வேறு.

பாரம் சமன்பட்டுவிட்டால் மட்டும் போதாது என்பதை வரைபடம் போடும்போது இன்னும் கூர்மையாக உணர்ந்தேன். கனமான ஒன்றை முன்கோடியிலும் இன்னொன்றைப் பின்கோடியிலும் வைத்துச் சமன் செய்யலாம். ஏர்க்காலின் எடை சரியாகத்தான் காட்டும். ஆனால் டிரெய்லர் ஒருமுறை ஆடத் தொடங்கினால் அதை நிறுத்துவது கடினம். சுழலத் தொடங்கவும், சுழல்வதை நிறுத்தவும் ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு தூரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஒரு பொருளை அச்சிலிருந்து 30 செ.மீ. தொலைவில் வைப்பதற்கும் ஒன்றரை மீட்டரில் வைப்பதற்கும் தூரத்தில் ஐந்து மடங்கு வித்தியாசம், அந்த எதிர்ப்பில் இருபத்தைந்து மடங்கு. பின்கதவில் உபரிச் சக்கரம் தொங்கும் டிரெய்லர்கள் படத்தில் கம்பீரமாக இருக்கும். என் வண்டியில் உபரிச் சக்கரம் பெட்டியின் முன்சுவரில், தாழ்வாக இருக்கிறது.

வீட்டில் விருப்பப் பட்டியல் தயாரானது. மகன் மிதிவண்டிகள் வேண்டும் என்றான். மனைவிக்கு நிற்கும் உயரத்தில் சமையல் மேடை. மகளுக்குப் படிக்க ஒரு விளக்கு. அவள் ஒருத்திதான் எடையில் அடங்கும் பொருளைக் கேட்டாள். அதனால் எடைக் கணக்குப் பொறுப்பும் அவளிடமே போனது. குளியலறைத் தராசை எடுத்து வந்து, ஒவ்வொரு பொருளையும் கையில் பிடித்தபடி அதன்மேல் ஏறி நின்று, தன் எடையைக் கழித்து எழுதினாள். பெட்டி, கீல், பூட்டு எல்லாம் சேர்ந்து 125. தண்ணீரும் தொட்டியும் 65. பேட்டரியும் ஒயரும் 25. குளிர்பெட்டியும், அதை வெளியே இழுக்க உதவும் இழுதளமும் 60. எரிவாயு உருளை 12. கூடாரம் 35, படுக்கை 27, பாத்திரம் 25, துணி 40, மளிகை 40, கருவிகள் 25, மேசை நாற்காலி 20. மொத்தம் 499. மிச்சம் 41 கிலோ. நாலு மிதிவண்டிகள் அதற்குள் அடங்காது என்பதை அவளே அவனிடம் சொல்லிவிட்டாள், எனக்கு வேலை மிச்சம்.

பலகை வேலைக்கு முன் சக்கர வேலை. பழைய டிரெய்லரின் மேல்பாகம் எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியும், பேரிங் தெரியாது. நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் நின்றுபோவதற்குப் பேரிங்கும் டயரும்தான் முதல் இரண்டு காரணங்களாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

வண்டியைத் தாங்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றியபோது அரைகல் சத்தம் லேசாகக் கேட்டது. தூசி மூடியைத் தட்டிக் கழற்றினேன். உள்ளே கிரீஸ் கறுத்து, ஓரத்தில் பால் கலந்த காப்பி நிறத்தில் திரிந்திருந்தது. தண்ணீர் புகுந்ததற்கு அதுதான் அடையாளம். பிளவு ஊசியை நிமிர்த்தி இழுத்து, கோட்டைச் சுவர் போல் வெட்டுகள் உள்ள நட்டைக் கழற்றியதும் வெளிப் பேரிங் கையில் விழுந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தேன். கூம்பு உருளைகளில் இரண்டில் ஊசி குத்தியது போன்ற குழிகள். உள்பேரிங்கின் ஓட்டுவளையத்தில் ஒரு பக்கம் நீலம் பாரித்த நிறம். குழி என்றால் துரு, நீலம் என்றால் சூடு. இரண்டில் எது தெரிந்தாலும் கழுவி மறுபடி மாட்டுகிற பேச்சே வேண்டாம். பேரிங், அது ஓடும் வளையம், எண்ணெய் சீல் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய உருளைகளைப் பழைய வளையத்தில் ஓடவிட்டால் சீக்கிரமே அவையும் போய்விடும்.

கிரீஸ் வைப்பது விரலால் மேலே பூசுகிற வேலை இல்லை. உள்ளங்கையில் ஒரு உருண்டை எடுத்துக்கொண்டு, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் உருளைகளுக்கு நடுவே புழுப்புழுவாகக் கிரீஸ் வெளியே வரும்வரை விடக்கூடாது. பிறகு கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். புதிய கிரீஸை பழையதன்மேல் ஏற்றக் கூடாது. லித்தியம் சோப்பில் செய்ததும் பாலியூரியாவில் செய்ததும் கலந்தால் இளகி ஓடிவிடக்கூடும். எனவே பேரிங் உட்காரும் சக்கர நடுப்பகுதியான ஹப்பை முழுக்கக் கழுவிவிட்டுத்தான் படகு டிரெய்லர்களுக்கு என்று விற்கும், தண்ணீரைத் தாங்கும் வகையை வைத்தேன்.

மாட்டும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கினால் பேரிங் உட்காரும். உட்கார்ந்ததும் நட்டைத் தளர்த்தி, இந்த முறை வெறும் விரலால் மட்டும் இறுக்க வேண்டும். ஊசித்துளை சரியாக நேர்ப்படவில்லை என்றால் அடுத்த துளைக்கு இறுக்காமல் முந்தைய துளைக்குத் தளர்த்துவதே நல்லது. கூம்பு உருளைப் பேரிங்குக்கு மயிரிழை இடைவெளி தேவை. இறுக்கிவைத்தால் சூடேறி நீலம் பாரிக்கும். பிளவு ஊசி எப்போதும் புதியது. அதற்குக் கஞ்சத்தனம் பார்ப்பவர் சக்கரத்தையே இழப்பார்.

டயர்களின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் ஒன்று நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட, நின்ற இடத்திலேயே வெயிலில் காய்ந்து வெடிப்பதுதான் அதிகம். பள்ளங்கள் புதிது போல் இருந்தும் இவற்றைக் கழித்துவிட்டு, காரின் போல்ட் அமைப்புக்கும் அளவுக்கும் பொருந்தும் சக்கரங்களையே டிரெய்லருக்கும் போட்டேன். இப்போது இரண்டு வண்டிக்கும் ஒரே உபரிச் சக்கரம் போதும். சுமை மதிப்பு டிரெய்லருக்குப் போதுமானதா என்பதை மட்டும் டயரிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளக்குகளில் ஒரு பழைய நோய் இருந்தது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கும். இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு துடிக்கும். இப்படி ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடுகிறது என்றால் பல்பைக் கழற்ற வேண்டியதில்லை, எர்த் கெட்டிருக்கிறது. பழைய ஆட்கள் சட்டத்தின் இரும்பையே எர்த்தாக நம்பியிருந்தார்கள். துருவும் பெயின்ட்டும் சேர்ந்த இரும்பு வழியாகத் திரும்ப முடியாத மின்சாரம், பக்கத்து விளக்கின் வழியே வீட்டுக்குப் போகும் வழி தேடுகிறது. இரண்டு விளக்குக்கும் பிளக் வரை தனி வெள்ளை ஒயர் இழுத்தேன். நோய் தீர்ந்தது.

பெட்டிக்கு முதலில் 12 மி.மீ. பிளைவுட்தான் நினைத்திருந்தேன். பிர்ச் பிளைவுட் ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 8 கிலோ. சுவரும் மேல்மூடியும் சேர்ந்து எட்டு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது 65 கிலோ மரம். 2 மி.மீ. அலுமினியத் தகடு சதுர மீட்டருக்கு 5.4 கிலோ, மொத்தம் 43. மிச்சப்பட்ட 22 கிலோ கிட்டத்தட்ட ஒரு வாரத் தண்ணீர்க் கவலையைத் தீர்க்காவிட்டாலும், இரண்டு நாள் கவலையைத் தீர்க்கும். 40க்கு 40 அலுமினியச் சதுரக் குழாயில் சட்டம் கட்டி, தகட்டை ரிவெட்டோடு பசையும் சேர்த்து ஒட்டினேன். தரைக்கு மட்டும் பிளைவுட். வெட்டிய ஓரங்களுக்கு எபாக்ஸி இரண்டு முறை கொடுத்தேன். நீர்தாங்கும் பசை என்று முத்திரை இருந்தால் அடுக்குகள் பிரியாது, அவ்வளவுதான்; மரம் மட்காது என்று அந்த முத்திரை சொல்லவில்லை. தண்ணீர் நுழைவது ஓரத்தில்தான்.

டிரெய்லரின் அடிச்சட்டம் துத்தநாகம் பூசியது. அதில் வெல்டிங் வைத்தால் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தவர்களுக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வருவது வெல்டர்களுக்குத் தெரிந்த சங்கதி. எரிந்த இடத்தில் துருவும் உடனே பிடிக்கும். ஆகையால் பெட்டியை அடிச்சட்டத்தோடு முழுக்க போல்ட் போட்டே இணைத்தேன். நடுவே ரப்பர் பட்டை, அலுமினியத்தைத் தொடும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளுக்கு நைலான் வாஷர். இரண்டு உலோகமும் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் அரித்துப்போகும். மரத்தில் திருகாணி எங்குமே இல்லை. அதிர்வில் திருகாணி மரத்தை மாவாக்கிக்கொண்டு வெளியே வரும். மறுபக்கம் வரை போகும் போல்ட்டும், அகல வாஷரும், நைலான் வளையம் வைத்த நட்டும் வராது. ஒவ்வொரு நட்டின்மேலும் போல்ட்டோடு சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்திருக்கிறேன். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. ஸ்பேனர் இல்லாமலே, நடந்துகொண்டே சோதித்துவிடலாம்.

தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண்சாலையில் ஓடும் டிரெய்லரின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. புழுதி மேகம் அங்கேயே சுழல்கிறது. பெட்டியில் எங்கே இடுக்கு இருந்தாலும் உள்ளே இழுக்கப்படுகிறது. கதவுகளுக்குக் காரின் கதவில் வரும் குழல் ரப்பரைப் போட்டேன். ரப்பர் சரியாக அமர்கிறதா என்று பார்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ரப்பரின்மேல் சாக்கட்டிப் பொடியைத் தேய்த்துக் கதவை மூடித் திறந்தால், எதிர்ச்சட்டத்தில் வெள்ளைக்கோடு விழும். கோடு எங்கே அறுகிறதோ அங்கே கதவு தொடவில்லை. இன்னொன்று பிள்ளைகளுக்குப் பிடித்த வழி. இரவில் உள்ளே பிரகாசமான விளக்கை வைத்து மூடிவிட்டு, எல்லா விளக்கையும் அணைத்து டிரெய்லரைச் சுற்றி வந்தால், ஒளி கசியும் இடமெல்லாம் புழுதி நுழையும் இடம். கீல் பக்கத்தின் மேல்மூலை இரண்டும் காட்டிக்கொடுத்தன. அதன்பின் முன்சுவரின் உச்சியில், புழுதி குறைவான உயரத்தில், வடிகட்டி வைத்த காற்றுவாய் ஒன்று அமைத்தேன். ஓடும்போது அது உள்ளே காற்றைத் தள்ளுவதால், மிச்சமிருக்கும் இடுக்குகளில் காற்று வெளியே போகிறதே ஒழிய உள்ளே வருவதில்லை.

தண்ணீர்த் தொட்டி 60 லிட்டர். தட்டையானது, வெளிச்சம் புகாதது, உள்ளே தடுப்புச் சுவர் உள்ளது. வெளிச்சம் புகுந்தால் பாசி; தடுப்பு இல்லாவிட்டால் பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைபாய்ந்து ஒவ்வொரு பிரேக்கிலும் வண்டியைப் பிடித்துத் தள்ளும். பலர் இதை டிரெய்லரின் மூக்கில் வைக்கிறார்கள், இடம் வசதி என்பதால். பயணத்தில் எடை மாறிக்கொண்டே போகும் பொருட்களில் மிகக் கனமானது தண்ணீர்தான். அச்சுக்கு 1.4 மீட்டர் முன்னால் வைத்தால், நிரம்பிய தொட்டிக்கும் காலித் தொட்டிக்கும் ஏர்க்காலில் 32 கிலோ வித்தியாசம். நான் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால், சட்டத்துக்கு அடியில் பொருத்தினேன். வித்தியாசம் 7 கிலோ. புறப்படும்போது ஏர்க்கால் 74 கிலோ காட்டினால், தண்ணீர் தீர்ந்தபின் 67. அப்போதும் மொத்த எடையில் பத்து சதவீதத்துக்குக் குறைவதில்லை. கல்லடிக்கு ஒரு தகட்டுக் கவசம் கீழே இருக்கிறது. எடுப்பதற்குக் கைப்பம்புதான். மின்பம்பு வைத்தால் பல் துலக்கி முடிப்பதற்குள் எத்தனை லிட்டர் போகும் என்று என் வீட்டுப் பிள்ளைகளைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

மின்சாரத்தில் அதிகம் இல்லை. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று, 14 கிலோ. அதே கொள்ளளவு ஈய பேட்டரி இருமடங்கு கனம். அதில் பாதிக்குமேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். லித்தியத்தில் ஒரு கட்டுப்பாடு: பூஜ்ய டிகிரிக்குக் கீழே உறைந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. குளிர்பெட்டி நாளுக்கு 35 ஆம்பியர்-மணி அளவில் எடுக்கிறது, விளக்கும் கைபேசியும் சேர்ந்து பதினைந்து. வெயிலே இல்லாவிட்டாலும் ஒன்றரை நாள் கவலையில்லை. 120 வாட் மடிப்புச் சோலார் பலகை நல்ல வெயிலில் முப்பதுக்கு மேல் திருப்பித் தருகிறது; மீதியைக் கார் ஓடும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

கார் ஏற்றுவதில்தான் ஒயர்க் கணக்கு வந்தது. காரின் பேட்டரியிலிருந்து டிரெய்லர் சார்ஜர் வரை 6 மீட்டர், போய்வர 12. இருபது ஆம்பியர் ஓடும்போது 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 1.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். பன்னிரண்டு வோல்ட்டில் அது பெரிய இழப்பு, ஒயரும் சூடாகும். 16 சதுர மி.மீ. ஒயரில் இழப்பு கால் வோல்ட்தான். ஃபியூஸ் இரண்டு முனையிலும் வேண்டும். வீட்டு ஒயரிங் பழகியவர்கள் ஒரு முனையோடு விட்டுவிடுகிறார்கள். இங்கே இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் ஒயர் அறுந்து இரும்பைத் தொட்டால் இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் பாயும். பேட்டரியின் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும்.

சமையல் மேடையைப் பின்பக்கக் கதவில் வைப்பது வழக்கம். கதவைத் தூக்கினால் கூரை, கீழே மேடை, பார்க்க அழகு. ஆனால் அடுப்பும் பாத்திரமும் மளிகையும் குளிர்பெட்டியும் கோடியில் போய்ச் சேருகின்றன. சுவரில் எழுதிய எண்ணை நிமிர்ந்து பார்த்தேன். சமையல் பக்கவாட்டுக்கு வந்தது. சாலையோரம் நிறுத்தும்போது போக்குவரத்துக்கு எதிர்ப்புறமாக, அச்சுக்கு நேர் மேலே. டிரெய்லரின் தரை நிலத்திலிருந்து 55 செ.மீ.; அதன்மேல் 30 செ.மீ. உயர இழுப்பறை, அதன் தலையில் வெளியே இழுக்கும் மேடை. மொத்தம் 85 செ.மீ., மனைவி குனியாமல் வெட்டும் உயரம். குளிர்பெட்டியின் இழுதளம் இரண்டு முனையிலும் பூட்டிக்கொள்ளும் வகை. சரிவில் நிறுத்தியிருக்கும்போது நாற்பது கிலோ பெட்டி தானாக உள்ளே ஓடி விரலை நசுக்காமல் இருக்க வெளிமுனைப் பூட்டுத்தான் முக்கியம். விற்பவர்கள் உள்முனைப் பூட்டைப் பற்றியே பேசுவார்கள்.

எரிவாயு உருளை பெட்டிக்கு வெளியே, ஏர்க்காலின் முக்கோணத்தில், நிமிர்ந்த நிலையில் கட்டப்பட்டிருக்கிறது. வாயு காற்றைவிடக் கனம். புரோப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மூடிய பெட்டிக்குள் வைத்தே ஆக வேண்டும் என்றால் அந்த அறை மற்ற பகுதியோடு தொடர்பில்லாமல், தரைமட்டத்தில் வெளியே திறக்கும் துளையோடு இருக்க வேண்டும். ஓடும்போது வால்வு மூடியே இருக்கும். சோப்பு நுரை வைத்துக் குமிழ் பார்ப்பது மகனுடைய வேலை.

தூங்க டிரெய்லர் மேலே கூடாரம் வைக்கவில்லை. அறுபது எழுபது கிலோ எடையை வண்டியின் தலையில் ஏற்றினால் வளைவில் சாய்வு கூடும் என்பது ஒரு காரணம். நடு இரவில் சிறுநீர் கழிக்க எழும் குழந்தையைத் தூக்கக் கலக்கத்தில் ஏணியில் இறக்குவது இன்னொன்று. இரண்டாவது காரணமே எனக்குப் போதுமாக இருந்தது. கூடாரம் தரையில், மழை வரும்போது முதலில் வேண்டியது தார்ப்பாய், அது பெட்டியைத் திறக்காமலே எடுக்கும்படி வெளிப்பக்கத்து நீளக் குழாயில் சுருட்டி வைத்திருக்கிறது. கம்பங்களும் முளைகளும் அதே குழாயில். கூடாரம் போடுகிற வரைக்கும் நனையாமல் நிற்க ஓர் இடம் இருந்துவிட்டால் குடும்பத்தில் பாதிச் சண்டை குறைகிறது.

எல்லாம் ஏற்றியபின் ஏர்க்காலை எடை பார்த்தோம். குளியலறைத் தராசு 75 கிலோவைத் தாங்கும், ஆனால் முனை சின்னதாக இருப்பதால் அதன்மேல் நேராக வைக்க முடியாது, கண்ணாடி உடையும். ஒரு கெட்டிப் பலகையின் ஒரு முனையைத் தராசின்மேலும் மறுமுனையை அதே உயரச் செங்கல்லின் மேலும், இரண்டு பக்கமும் குழாய்த்துண்டு வைத்து, தாங்கினோம். தராசுக்கும் செங்கல்லுக்கும் நடுவே 90 செ.மீ. ஏர்க்காலைச் செங்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பலகைமேல் இறக்கினால் மூன்றில் ஒரு பங்கு எடை தராசுக்கு வரும். பலகையின் எடையை முன்பே கழித்துவிட்டு, காட்டுவதை மூன்றால் பெருக்க வேண்டும். தராசு 26 காட்டியது. அப்படியென்றால் 78. கருவிப்பெட்டியை முன்னறையிலிருந்து அச்சுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி வைத்ததும் 24.5க்கு இறங்கியது. அங்கேயே கருவிப்பெட்டிக்கு நிரந்தரமாக ஒரு கொண்டி அடித்தாயிற்று. மொத்த எடைக்கு எடைமேடைக்கு ஓட்டிப் போனேன். மகளின் பட்டியலுக்கும் மேடைக்கும் சில கிலோதான் வித்தியாசம்.

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும், பந்தைக் கவ்வும் ஏர்க்கால் முனையான கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும். பந்திலிருந்து கழன்றால் ஏர்க்கால் சாலையில் குத்தாமல் அந்தக் குறுக்குத் தொட்டிலில் விழும். சக்கர நட்டுகளை நட்சத்திர வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, முதல் ஐம்பது நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி சோதிக்க வேண்டும். நிறுத்தும் இடங்களிலெல்லாம் ஹப் இரண்டையும் புறங்கையால் அணுகிப் பார்க்கிறோம். பிரேக் இல்லாத ஹப் சூடாக இருக்கக் காரணமே இல்லை. ஒன்று மற்றதைவிடச் சூடு என்றால் அந்தப் பேரிங்கைத் திறந்து பார்க்காமல் நகர்வதில்லை. லாரி ஒன்று வேகமாகக் கடக்கும்போது டிரெய்லர் லேசாக அசைந்தால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதே சரி. பிரேக்கை மிதிப்பதும், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்புவதும் அதை இன்னும் வளர்க்கும்.

நீண்ட பயணம் ஒன்று முடிந்ததும் பெட்டியை முழுவதும் காலி செய்து, தொடாமலே திரும்பி வந்த பொருட்களைத் தனியாக அடுக்கினோம். இரண்டாவது மேசை, கனத்த வார்ப்பிரும்புக் கல், மூன்றிலொரு பங்கு துணி, நான் ஆசையோடு எடுத்துப்போன பெரிய ஸ்பேனர் செட்டில் பாதி. எல்லாம் சேர்ந்து முப்பது கிலோவுக்கு மேல். மகன் உடனே மிதிவண்டிப் பேச்சை எடுத்தான். அக்காவும் தம்பியும் இப்போது அவனுடைய ஒரு சின்ன மிதிவண்டியின் எடையை வைத்துப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து மாற்றப்போவது ஏர்க்காலைத் தாங்கும் ஜாக்கிச் சக்கரத்தை. கூட வந்த குறுகிய கெட்டி ரப்பர்ச் சக்கரம் சிமெண்ட் தரைக்குச் சரி. மணலில் எழுபது கிலோவை வைத்தால் உழுதுகொண்டு இறங்குகிறது. காற்றடைத்த அகலமான சக்கரம் பார்த்து வைத்திருக்கிறேன். அதன் தண்டு தடிமன் வேறு என்பதால் பிடிகவ்வியையும் மாற்ற வேண்டும். அதை எங்கே வைத்தால் எரிவாயு உருளையைக் கழற்றும் வழி மறைக்காமல் இருக்கும் என்று ஏர்க்காலில் சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.